சம்பந்தி வீட்டு மூணு வரிசை

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. நான் இந்தப் பக்கம் உக்காந்தாத்தான் காலை நீட்ட முடியும். முட்டி பிடிச்சுக்கிட்டுக் கெடக்கு. மலை ஏறி எறங்குனதுல வந்த வினை. மேகமலையா? இல்லப்பா. ஜெர்மனில ஒரு மலை. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். போய்ட்டு வந்து பதினோரு நாள்தான் ஆகுது.

எனக்குக் கம்பம் பக்கம். பேரு சுருளிவேல். மூணு ஏக்கர் பன்னீர் திராட்சை, முப்பத்தெட்டு வருசமா அதுதான் பொழப்பு. ஊர்ல போய்க் கேட்டீங்கன்னா, மக ஜெர்மனில இருக்கா, அப்பனுக்கு ஊர் சுத்திக் காட்டக் கூப்பிட்டாள்னு சொல்லுவாய்ங்க. நான்தான் அப்படிச் சொல்லி வச்சிருக்கேன். ஆத்துல கப்பல்ல போனேன், ஆயிரத்தெண்ணூறு வருசத்துக் கோட்டைவாசலப் பாத்தேன், போட்டோ வேணும்னா காட்டுறேன். ஆனா நான் போனது அதுக்கு இல்ல. ஒரு சம்பந்தத்த வேணாம்னு சொல்றதுக்குப் போனேன். விசா வாங்கி, ஜெர்கின் வாங்கி, கம்பளிக் குல்லா வாங்கி, ஒத்தச் சொல்லு சொல்றதுக்கு அம்புட்டுத் தூரம்.

நீங்க தேனிலதானே எறங்குறீங்க? அப்பச் சொல்லலாம்.

மக பேரு அகிலா. ஒரே பிள்ள. அங்க போய்ப் படிச்சு, அங்கயே பிராங்க்பர்ட்ல வேலை. போன பொங்கலுக்குப் போன்ல சொன்னா, "அப்பா, லூக்காஸ்னு ஒருத்தர். கூட வேலை பாக்குறாரு. எனக்குப் புடிச்சிருக்கு." அவளே சொன்னா, "நீங்க வந்து அவங்க குடும்பத்தப் பாருங்கப்பா. பாத்துட்டு வேணாம்னு சொன்னா வேணாம். நான் மீற மாட்டேன்."

அதுலதான் மாட்டிக்கிட்டேன். நீ என்ன சொல்றது, நான் கட்டிக்கிருவேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் ரெண்டு சத்தம் போட்டு, ஒரு வருசம் பேசாம இருந்து, அப்புறம் பேரப்பிள்ளையப் பாக்கப் போயிருப்பேன். எல்லாரும் அப்படித்தான செய்யுறாய்ங்க. இவ உங்க இஷ்டம்னுட்டா. பொறுப்பத் தூக்கி என் தலையில வச்சுட்டா.

வேணாம்னு சொல்லக் காரணம் வேணும்ல? வெள்ளைக்காரன், வேற மதம், நம்ம பாசை தெரியாதுன்னு சொல்லலாம். மத்தவன் சொல்லலாம். நான் சொல்ல முடியாது. ஏன்னா நான் மேடையில பேசுற ஆளு. எங்க ஊர்ல எந்தக் காதல் கல்யாணம் நடந்தாலும் வாழ்த்திப் பேச என்னத்தான் கூப்பிடுவாய்ங்க. சாதி எங்கய்யா இருக்கு, ரத்தத்துலயா இருக்குன்னு மைக்கப் புடிச்சுக்கிட்டுக் கேப்பேன். கை தட்டுவாய்ங்க. சின்னப் பிள்ளையில முன்வரிசையில உக்காந்து கை தட்டுனவ அகிலா. அவகிட்டப் போய் எதைச் சொல்ல? அதனால கௌரவமான காரணம் ஒண்ணு வேணும். பையன் சரியில்ல, குடும்பம் சரியில்ல, தொழில் சரியில்ல, இந்த மாதிரி. ஒண்ணே ஒண்ணு போதும். அதத் தேடிக்கிட்டுத்தான் பிளேன் ஏறுனேன்.

எம் பொண்டாட்டி ராமுத்தாய் வரல. கொடிக்குக் கவாத்து வெட்டுற நேரம், ஆளுக வருவாக, வீட்டுல ஒருத்தர் இருந்தாகணும். கெளம்பும்போது சொன்னா, "போற எடத்துல வாயையும் கையையும் வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க." வாயை நான் அடக்கிட்டேன் தம்பி. அதுல என்னைய யாரும் குத்தம் சொல்ல முடியாது.

போய் எறங்குன மறுநாளே பையன் வீட்டுக்குப் போவோம், பாப்போம், காரணத்தப் புடிப்போம், திரும்புவோம்னு இருந்தேன். அகிலா, "நாலு நாள் மெதுவாப் போவோம்ப்பா, வழியெல்லாம் நல்லா இருக்கும்"னுட்டா. லூக்காஸ்தான் காரு ஓட்டுனான். நாலு நாளும் முன் சீட்ல நான். அவ பின்னால. அதுல நான் தெளிவா இருந்தேன்.

மோசல்னு ஒரு ஆறு. அதுக்கு எங்கயும் போய்ச் சேரணும்னு நெனப்பே கெடையாது. வளைஞ்சு வளைஞ்சு போகுது. ஒரு ஊர்ல காப்பி குடிச்சுட்டுக் கெளம்பி ஒரு மணி நேரம் போறோம், பாத்தா அதே ஊரு ஆத்துக்கு அங்கிட்டு நிக்குது. ரெண்டு பக்கமும் மலை, மலை பூராம் திராட்சை. நானும் திராட்சைக்காரன்தான், கண்ணால பாத்தும் நம்ப முடியல. பந்தல் இல்ல. செடிக்கு ஒரு குச்சி, அவ்வளவுதான். சுவரு மாதிரி நிக்கிற மலையில, மண்ணே இல்லாம, பூராம் கருங்கல்லு சில்லு. அதுல போய் நட்டு வச்சிருக்காய்ங்க. "இவய்ங்களுக்குக் கிறுக்காம்மா?"ன்னு கேட்டேன். அகிலா அதை எப்படிச் சொன்னாளோ, லூக்காஸ் சந்தோசமாத் தலையாட்டுனான். எங்க ஊர்ல வருசத்துக்கு ரெண்டு அறுவடை, ரெண்டு வெட்டுன்னு சொல்லச் சொன்னேன். அவன் வண்டிய ஓரமா நிறுத்திட்டு என்னையத் திரும்பிப் பாத்தான். அவய்ங்களுக்கு வருசத்துக்கு ஒரு வெட்டுத்தானாம். அன்னைக்குப் பூரா நான் கொஞ்சம் நிமிந்துதான் உக்காந்திருந்தேன்.

ஊருக்கு ஊரு நிறுத்துறான். கண்ணாடி கிளாஸ்ல ரெண்டு விரக்கடை ஊத்தித் தர்றாய்ங்க, அதை அரை மணி நேரம் மோந்து பாக்குறாய்ங்க. நான் எங்க ஊர் பிராந்திக்கடைய மூடச் சொல்லி கலெக்டர் ஆபீஸ்ல மூணு வாட்டி மனுக் குடுத்தவன். என்னையக் கூட்டிட்டுப் போய் ஒயின் கடை ஒயின் கடையா நிறுத்துனா எப்படி இருக்கும்? ஓரமா உக்காந்து தண்ணி குடிச்சேன். அந்தத் தண்ணியும் கேஸ் அடிச்ச தண்ணி. நாலு நாளும் ஏப்பம் விட்டுக்கிட்டே திரிஞ்சேன்.

பையன் எப்படியா? நல்ல உயரம். தமிழ்ல ஒரே ஒரு வார்த்தை படிச்சு வச்சிருந்தான், "சாப்பிட்டீங்களா?" காலையில எந்திரிச்சாலும் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்தாலும் சாப்பிட்டீங்களா. கப்பல்ல போறப்ப அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் உக்காந்தேன். குளிரு ஆளத் தூக்குது. அவன் கழுத்துத் துண்ட எடுத்து எங் கழுத்துல சுத்திவிட்டான், பிள்ளைக்குச் சுத்திவிடுற மாதிரி. அது காரணத்துல சேராது. அதனால நான் அதைக் கண்டுக்கல.

மூணாம் நாள் ட்ரியர்னு ஒரு ஊரு. ரோமாபுரி ராசாக்க ஆண்ட ஊராம். கருப்பா ஒரு கோட்டைவாசல் நிக்குது. சுண்ணாம்பு, சிமெண்டு ஒண்ணும் கெடையாது, கல்லு மேல கல்ல வச்சு இரும்புல பூட்டிக் கட்டுனதாம். லூக்காஸ் ஒரு மணி நேரம் சொல்றான், அதை அகிலா ஒரு மணி நேரம் தமிழ்ல சொல்றா. எனக்குக் கால் கடுக்குது. ராமுத்தாய்க்கு வீடியோ கால் போட்டுக் காட்டுனேன். "இம்புட்டுப் பெரிசாக் கட்டிட்டுப் பெயிண்ட் அடிக்காமப் போட்டிருக்காய்ங்களே"ன்னா.

பக்கத்துல ஒரு படிக்கட்டுல உக்காந்தேன். அகிலா வந்து பக்கத்துல உக்காந்தா. "எப்படிப்பா இருக்கு?"

"கோட்டை நல்ல உறுதி"ன்னேன்.

"நான் கோட்டையக் கேக்கல."

"காத்து குளிரா அடிக்குது, எந்திரிம்மா"ன்னேன். அவ எந்திரிக்கல. ஒரு நாள்ல போய்ச் சேர வேண்டிய ஊருக்கு ஏன் நாலு நாளா இவ இழுத்துக்கிட்டுப் போறான்னு அப்ப எனக்கு ஓடல. அங்க பெட்ரோல் மலிவு போலன்னு நெனச்சேன்.

நாலாம் நாள் சாயந்திரம் பையன் ஊருக்குப் போனோம். அவங்க அம்மா தவறி ஆறு வருசம் ஆச்சு. அப்பா மட்டும்தான். ஹெல்முட்னு பேரு, அறுபத்தெட்டு வயசு. வாசலுக்கு வந்து கை குடுத்தாரு. உள்ளங்கை அரம் மாதிரி இருந்துச்சு. திராட்சைக்காரன் கைதான், சந்தேகமே இல்ல. உள்ள போனதும் ஒரு கிளாஸ்ல திராட்சைச் சாறு குடுத்தாரு. நான் குடிக்க மாட்டேன்னு கேள்விப்பட்டு, வெட்டு ஆரம்பிச்ச அன்னைக்கே எனக்குன்னு தனியாப் புழிஞ்சு வச்சிருந்தாராம். நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொரு கிளாஸ் கேக்கலாமான்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. கேட்டா எடம் குடுத்த மாதிரி ஆகிரும்னு கேக்கல.

அப்புறம் ராச்சாப்பாடுன்னு ஆறு மணிக்கே உக்கார வச்சாய்ங்க. ரொட்டி, வெண்ணெய், நறுக்குன வெள்ளரிக்கா. அடுப்பே பத்த வைக்கல தம்பி! பொண்ணு வீட்டுக்காரன் கடல் தாண்டி வந்திருக்கேன், சூடா ஒரு வாய்க்கு வழியில்ல. அங்க ராத்திரிக்கு அதுதான் வழக்கம், எல்லார் வீட்டுலயும் அப்படித்தான்னு அகிலா சொன்னா. நான் நம்பல. காரணம் ஒண்ணு சிக்கிருச்சுன்னு சந்தோசமாச் சாப்பிட்டேன். ஆறு துண்டு.

ஆனா அது பத்தாது. ரொட்டி ஆறிப் போயிருந்துச்சுன்னு சம்பந்தத்த முறிச்சா, மைக்கைக் கையில குடுப்பாய்ங்களா? சரி, விசாரிப்போம்னு முடிவு பண்ணேன். நம்மூர்ல எப்படி? மாப்பிள்ளை ஊர்ல போய் எறங்கி, டீக்கடையில ஒரு டீயச் சொல்லிட்டு, இன்னார் வீடு எதுண்ணேன்னு கேட்டாப் போதும். பாட்டன் காலத்துலருந்து எடுத்து விட்டுருவாய்ங்க. அந்த ஊர்ல டீக்கடை இல்ல. டீக்கடை இல்லாத ஊருக்கு ஒருத்தன் எப்படித் தம்பி பொண்ணு குடுப்பான்?

மறுநாள் காலையில யாரும் பாக்காத நேரமாப் பாத்து ரொட்டிக்கடைக்குப் போனேன். போன்ல நம்ம தமிழ்ல பேசுனா அது ஜெர்மன்ல பேசும், அகிலா ஏத்திக் குடுத்திருந்தா. பேசுனேன். "வணக்கம்மா. ஹெல்முட் வீட்டுப் பையன் எப்படி? குடிப்பானா?" போன் அதைச் சத்தமாக் கேட்டுச்சு. கடைக்கார அம்மா நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு பூரிச்சுப் போயிருச்சு. "குடிப்பானாவா! பதினாலு வயசுலயே ஒரு வாய் வச்சா எந்த மலை, எந்த வருசம்னு சொல்லிருவான். இந்தப் பக்கத்துல அவன் நாக்குக்கு ஈடு கிடையாது"ன்னு போன் என்கிட்டத் தமிழ்ல சொல்லுது. ரொட்டி வாங்க நின்ன நாலு பேரும் ஆமா ஆமான்னு தலையாட்டுறாய்ங்க. ஒரு ஊரே சேந்து நின்னு, எங்க பையன் நல்லாக் குடிப்பான்னு சர்டிபிகேட் குடுத்ததை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

நான் வீடு திரும்புறதுக்குள்ள சேதி ஹெல்முட்டுக்குப் போயிருச்சு. அவரு என்னையப் பாத்துக் கண்ணச் சிமிட்டுனாரு. அகிலா மூஞ்சிதான் செவந்து போச்சு.

ரெண்டு காரணம் ஆச்சு. ரெண்டையும் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தேன், ரெண்டும் மேடையில நிக்காது. ஒயின் ஊர்ல ஒயின் குடிக்கிறது குத்தமாய்யான்னு ஒருத்தன் கேட்டாப் போச்சு. கெட்டியா மூணாவது ஒண்ணு வேணும்னு இருந்தேன். அது விடிஞ்சதும் கிடைச்சுச்சு.

நமக்கு வெள்ளென எந்திரிச்சுப் பழக்கம். அங்க வெளிச்சம் வரவே எட்டு மணி ஆகுது. ஆறு தெரியாத அளவுக்குப் பனி. தோட்டத்தப் பாப்போம்னு மலையில ஏறுனேன். எல்லா வரிசையிலயும் வெட்டு முடிஞ்சு இலை மட்டும் நிக்குது. ஓரத்துல மூணு வரிசை மட்டும் வெட்டாமக் கெடக்கு. கிட்டப் போய்ப் பாத்தா, கொத்துக் கொத்தா அழுகல். பழம் சுருங்கி, நெறம் மாறி, மேல சாம்பல் பூத்து நிக்குது. பாதிக் கொத்து நல்லா இருக்கு, பாதிக் கொத்து போயிருச்சு. எங்க தோட்டத்துல ஒரு பழம் அழுகுனா அன்னைக்கே கத்தரிக்கோல் வச்சு எடுத்துருவோம். விட்டா நாலு நாள்ல பந்தலே போயிரும். வரிசை முகப்புல குச்சிக்குக் குச்சி நீல ரிப்பன் வேற கட்டியிருக்கு. திருஷ்டிக்குக் கட்டத் தெரிஞ்ச ஆளுக்கு அழுகல எடுக்கத் தெரியலயேன்னு நெனச்சேன்.

முதல்ல சந்தோசந்தான். பொய் சொல்லக் கூடாது. வெளைஞ்ச வெள்ளாமைய அழுக விடுற வீட்டுக்கு என் பொண்ணக் குடுக்க மாட்டேன். இதை எந்த மேடையிலயும் சொல்லலாம். எந்த விவசாயியும் கை தட்டுவான்.

அப்புறம் மனசு கேக்கல. பொண்டாட்டி இல்லாத மனுசன், மகன் டவுன்ல இருக்கான், வெட்டுக்கு ஆள் கெடைக்காமத்தான் விட்டிருப்பாருன்னு தோணுச்சு. கை அரிக்க ஆரம்பிச்சிருச்சு. கொட்டாயில பாத்தேன், கத்தரிக்கோல் தொங்குச்சு, கூடை இருந்துச்சு. எடுத்தேன், ஆரம்பிச்சேன்.

அழுகல் பூராத்தையும் வெட்டி வெட்டிக் கூடையில போட்டேன். நல்ல பழத்துல ஒரு கீறல் விழல. கூடை நெறஞ்சதும் தூக்கிட்டுக் கீழ எறங்கி ஓடையில கொட்டுனேன். தோட்டத்துக்குள்ள போட்டா நோய் பரவும்ல. மறுபடி ஏறு, மறுபடி எறங்கு. இந்த முட்டி அங்கதான் போச்சு. முடிச்சுட்டு நிமிந்து பாத்தேன். குளிப்பாட்டி விட்ட பிள்ளைக மாதிரி தொங்குச்சு கொத்துக. ஒரு போட்டோ எடுத்து ராமுத்தாய்க்கு அனுப்புனேன்.

பத்தரை மணி வாக்குல ஹெல்முட் ஏறி வந்தாரு, கையில சின்னதா ஒரு வாளி. முதல் வரிசையப் பாத்தாரு. ரெண்டாவதப் பாத்தாரு. தொப்பியக் கழட்டுனாரு. அப்படியே கல்லு மேல உக்காந்துட்டாரு. சந்தோசத்துல மனுசனுக்குக் காலு ஓடல போலன்னு நெனச்சு, "பரவால்ல, பரவால்ல"ன்னு கையக் காட்டுனேன்.

பின்னாலயே லூக்காஸும் அகிலாவும் வந்தாக. லூக்காஸ் பாத்ததும் சாப்பிட்டீங்களான்னுகூடக் கேக்கல. அகிலாதான் சொன்னா. அது அழுகல்தான், ஆனா விட்டு வச்ச அழுகலாம். காலையில பனியும் பகல்ல வெயிலும் சரியா அமைஞ்சாத்தான் அந்தச் சாம்பல் அப்படிப் பூக்குமாம். பழத்துல தண்ணியெல்லாம் போய் இனிப்பு மட்டும் நிக்குமாம். ஒவ்வொரு பழமாப் பொறுக்கிப் புழிஞ்சா, அந்த ஒயின் அம்பது வருசம் கெடாதாம். அவருக்கு அது பன்னெண்டு வருசத்துக்குப் பெறகு இந்த வருசந்தான் அமைஞ்சிருக்கு. யாரும் தெரியாமக் கை வச்சிரக் கூடாதுன்னுதான் ரிப்பன் கட்டுனது.

"எங்க கல்யாணத்துக்குப்பா அது. நீங்க சம்மதிப்பீங்கன்னு நம்பி விட்டு வச்சிருந்தாரு"ன்னா.

லூக்காஸ் ஓடைக்கு ஓடுனான். ஓடையில தண்ணி நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு. மிச்சம் ஒண்ணு கெடைக்கல. நான் எதையும் சுத்தமாச் செய்யுற ஆளு.

மன்னிப்புக் கேக்கலாம்னு வாயத் தெறக்குறேன், அதுக்குள்ள அகிலா கேட்டா. சத்தம் போடல. "வேணும்னே செஞ்சீங்களாப்பா?"

"ஏய், என்னடா கேக்குற?"

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா. ஏர்போர்ட்ல உங்க மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. அதான் நாலு நாள் சுத்துனேன், கொஞ்சம் எளகுவீங்கன்னு. வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? நான்தான் வாக்குக் குடுத்திருக்கேன்ல? அந்த மனுசன் தோட்டத்துல ஏன் கை வச்சீங்க?"

கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல அவளுக்கு. வந்திருந்தா ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சிருப்பேன். எம் பிள்ள என்னைய அப்படி ஒரு நாளும் பாத்தது கெடையாது தம்பி. கல்யாணம் நடக்குதோ நடக்கலயோ, அதெல்லாம் அந்த நிமிசம் மறந்தே போச்சு. இனிமே இவ வாழ்க்கையில எதையும் என்கிட்டக் கேக்க மாட்டா, எதையும் சொல்ல மாட்டான்னு தெரிஞ்சுச்சு. "தெரியாமச் செஞ்சுட்டேன் தாயி, சத்தியமாத் தெரியாது"ன்னேன். அவ நம்பல. நம்பலங்கிறது மூஞ்சியிலயே தெரியுது.

ஹெல்முட் எந்திரிச்சாரு. நாங்க பேசுனது அவருக்குப் புரியல, எங்க மூஞ்சி புரிஞ்சிருக்கும். என்னன்னு கேட்டாரு. அவளும் மறைக்காமச் சொல்லிட்டா. மனுசன் கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு வரிசைக்குள்ள போனாரு. ஒவ்வொரு கொத்தாத் தூக்கிப் பாத்தாரு. காம்ப வெட்டுன எடத்துல விரல வச்சுத் தடவிப் பாத்தாரு. முதல் வரிசை முடிச்சு ரெண்டாவது வந்தாரு. மூணாவதுல ரொம்ப நேரம் நின்னாரு. நாங்க மூணு பேரும் முகப்புலயே நிக்கிறோம். எங்கயோ சர்ச்சுல மணி அடிக்குது. பத்தாங் கிளாஸ் ரிசல்ட்டுக்கு நின்னப்பகூட எனக்கு அப்படி இல்ல.

வந்து அகிலாகிட்ட நாலு வார்த்தை சொன்னாரு. உங்க அப்பாவுக்கும் சொல்லுன்னு என்னைக் கையக் காட்டுனாரு.

அகிலா சொன்னா. "கெடுக்கணும்னு வர்ற கை இப்படி வெட்டாதாம். ஒரு நல்ல பழத்துக்குக்கூடக் காயம் இல்லையாம். உங்க அப்பா திராட்சைக்காரரு, அழுகலப் பாத்தாரு, எடுத்தாரு, அவ்வளவுதான்னு சொல்றாரு. உங்க தோட்டத்துக்கு அவரு வந்திருந்தா, அவரும் எதையாச்சும் வெட்டித் தொலைச்சிருப்பாராம்."

சொல்லி முடிக்கையிலதான் அவளுக்குக் கண்ணு கலங்குச்சு. வந்து எங் கையப் புடிச்சுக்கிட்டா. "ஸாரிப்பா, உங்களப் போய் அப்படிக் கேட்டுட்டேன்"னா. என்கிட்ட ஸாரி கேக்குறா தம்பி!

அங்கயே சொல்லிட்டேன், எனக்குச் சம்மதம்னு. வேற என்ன சொல்றது? அகிலா அதை ஜெர்மன்ல சொன்னதும் லூக்காஸ் என்னையக் கட்டிப் புடிச்சான். ஹெல்முட் சிரிச்சுக்கிட்டே ஏதோ சொன்னாரு. கல்யாணம் முடியுற வரைக்கும் சம்பந்தி கையில கத்தரிக்கோல் குடுக்காதீங்கன்னாராம். அன்னைக்கு மத்தியானமே மிச்சம் இருந்த நல்ல பழத்த நாலு பேருமா எறக்குனோம். அவரு வெட்டுனாரு, நான் கூடை தூக்குனேன். சாதா ஒயின்தான் வரும், பரவால்லன்னாரு.

ராமுத்தாய்கிட்ட இம்புட்டுந்தான் சொன்னேன். மூணு நாள் சிரிச்சா. அந்த போட்டோவ அவ அக்கா தங்கச்சிக்கெல்லாம் வேற அனுப்பிட்டா. இப்ப எங்க ஊர்ல யாரும் என்னையத் தோட்டத்துப் பக்கம் கூப்பிடுறதில்ல.

ஆண்டிபட்டி தாண்டிருச்சா? அப்ப தேனி வந்துரும்.

ஒண்ணு மிச்சம் இருக்கு தம்பி. யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டச் சொல்லிறேன், எறங்குறதுக்குள்ள.

மூணாவது வரிசைய ஆரம்பிக்கும்போது ஒரு அழுகப் பழம் நசுங்கி விரல்ல ஒட்டிக்கிச்சு. உதறுனா போகல, பிசுபிசுன்னு இருக்கு. விரல வாயில வச்சேன். தேன். முப்பத்தெட்டு வருசத்துல அப்படி ஒரு இனிப்ப நான் திராட்சையில கண்டதில்ல. எங்க ஊர்ல அழுகுன பழம் புளிக்கும், நாறும். இது வேற. ரிப்பனத் திரும்பிப் பாத்தேன். ஆளில்லாம விட்டது இல்ல, எதுக்கோ வச்சிருக்காய்ங்கன்னு அப்பவே பட்டுச்சு. பட்டுச்சுல்ல, நிறுத்தியிருக்கணும்ல? நிறுத்தல. இது நல்ல பழம்னு ஆகிட்டா நான் புடிச்ச காரணம் கைய விட்டுப் போயிரும். அதனால கொஞ்சம் வேகமா வெட்டுனேன். நல்ல பழமும் சேந்து விழுந்துச்சு. காம்பெல்லாம் பிஞ்சு தொங்குச்சு. கீறல் விழலன்னு உங்ககிட்டச் சொன்னேன்ல, அது முதல் ரெண்டு வரிசைதான்.

அகிலா வரிசைக்குள்ள வரல. வந்தாலும் அவளுக்கு அது தெரியாது, அவ படிச்சது கம்ப்யூட்டரு. ஹெல்முட்டுக்குத் தெரியும். கண்ணாடிய மாட்டிக்கிட்டு அங்கதானே அம்புட்டு நேரம் நின்னாரு. எல்லாத்தையும் பாத்தாரு. பாத்துட்டு வந்துதான், ஒரு பழத்துக்குக்கூடக் காயம் இல்லன்னு எம் பிள்ளைகிட்டச் சொன்னாரு. சொல்றப்ப அவரு என்னையப் பாக்கல. மத்தியானம் நல்ல பழத்த எறக்குனோம்னேன்ல, மூணாவது வரிசைக்கு யாரையும் விடாம அவரே போய்த் தனியா வெட்டிட்டு வந்தாரு.

அந்த வீட்டுக்குப் பொண்ணக் குடுக்காம வேற எந்த வீட்டுக்குத் தம்பி குடுப்பேன்?

தை பதினாலு கல்யாணம், கம்பத்துலதான். அவரும் வர்றாரு. நீங்களும் குடும்பத்தோட கட்டாயம் வரணும், போன் நம்பர் தர்றேன். சம்பந்திய நானே அறிமுகப்படுத்தி வைக்கிறேன். ஆனா அவர்கிட்ட என்னையப் பத்தி மட்டும் எதுவும் விசாரிச்சிராதீங்க. அந்த மனுசன் எனக்காக இன்னொரு தடவை பொய் சொல்ல வேணாம்.